ஏழாம் எண் மெழுகுவர்த்தி

"பல்லி விழுந்து அணைஞ்சா ஏலம் செல்லும்டா. மனுசக் கை பட்டு அணைஞ்சாத்தான் செல்லாது" என்று ஏலம் கூறும் சவுரிமுத்து வாசலில் நின்ற புதுக் காவல்காரனிடம் சொன்னது, உள்ளே படங்களைத் துடைத்துக்கொண்டிருந்த காத்தாயியின் காதில் விழுந்தது.

அவளுக்காகச் சொன்ன பேச்சு இல்லை அது. காவல்காரனுக்கு வேலை பழக்கிக்கொண்டிருந்தார் அவர். போன வருஷம் ஒரு கடிகாரம் ஏலம் போனபோது கூரையிலிருந்து பல்லி திரியின் மேல் விழுந்து அணைத்ததையும், அதற்குச் சற்று முன்னால் விலை சொல்லியிருந்தவரே கடிகாரத்தைத் தூக்கிக்கொண்டு போனதையும் சொன்னார். அதற்கு முந்தின வருஷம் ஒரு தையற்காரன், தனக்கு ஆகாத ஆளுக்குக் கட்டில் போய்விடக் கூடாதென்று இரண்டு விரலால் திரியைக் கிள்ளி அணைத்தானாம். அதோடு அந்தப் பட்டியல் முழுவதும் கலைந்துபோய், தையற்காரனை அன்று பொழுது சாய்வதற்குள் கோட்டைவாசலுக்கு வெளியே விட்டு, வீடு வாசல் தெரு எதற்கும் இனித் திரும்பக் கூடாதென்று கதவைச் சாத்தினார்களாம்.

"பட்டியல் கலைஞ்சா?" என்று கேட்டான் காவல்காரன்.

"புதுப் பட்டியல் கடல் தாண்டிப் பெரிய துரைமார் இருக்கற பத்தாவியாவுக்குப் போய் முத்திரை வாங்கி வரணும். போக வர ஒரு வருஷம். அதனால மெழுகுவர்த்திகிட்ட எவன் வந்தாலும் கையைப் பாரு, மூஞ்சியைப் பார்க்காதே."

சங்குத்துறைக் கோட்டையில் ஒல்லாந்தர் கொடி பறந்த காலம் அது. அந்த ஊரில் ஒரு துரை செத்துப்போனால் அவர் வைத்திருந்ததெல்லாம் பட்டியலாகி, எண் போட்டு, ஏலச் சாவடிக்கு வந்துவிடும். ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு விரற்கடை உயரத்துக்கு வெட்டிய மெழுகுவர்த்தியை ஏற்றி வைப்பார்கள். சுடர் அணையும்போது யார் சொன்ன விலை கடைசியாக நிற்கிறதோ அவருக்கே பொருள். மற்ற துரைகள் மிளகும் துணியும் சேர்த்தார்களென்றால், ஆவணி பிறக்கும்போது காய்ச்சலில் போன ரெய்க்கர் துரை படங்கள் சேர்த்திருந்தார். அவர் தேசத்தில் நூறு வருஷத்துக்கு முன்னால் வாழ்ந்து மறைந்த ஆசான்கள் எண்ணெயில் குழைத்த வண்ணத்தால் தீட்டிய படங்கள்; பாதித் தோல் உரிந்த எலுமிச்சை, காலைக் கட்டித் தொங்கவிட்ட முயல், மேகம் மூடிய கடல் என்று ஏழு. எட்டாம் எண்ணுக்கு நேரே எழுதியிருந்தது: கத்தரீனா, வயது இருபது, வீட்டு வேலை அறிந்தவள், பற்கள் நல்லவை.

காத்தாயி என்ற பெயர், ஒரு பஞ்ச வருஷத்தில் வீட்டார் அவளை விற்றுவிட்டுப் போன அன்றைக்கே, துரையின் வாய்க்கு வராமல் கத்தரீனா ஆகிவிட்டிருந்தது. பன்னிரண்டு வருஷம் அந்தப் படங்களை அவள்தான் துடைத்தாள். அவை சாவடிக்கு வந்தபோது அவளும் கூட வந்தாள். சுவரில் அவள் உட்காரும் இடத்துக்கு மேலே சுண்ணாம்பால் எட்டு என்று எழுதினார்கள். காலையில் அவள் எழுந்து வழக்கம்போலத் துடைத்தாள், வேண்டாமென்று யாரும் சொல்லவில்லை.

வாங்க வந்தவர்களில் கப்பித்தான் டெ ரோய் என்பவரைத்தான் அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். கடற்கரை நெடுக எந்த ஊரில் துரை செத்தாலும் அவர் வந்துவிடுவார். ஆசான்களின் படங்களை வாங்கித் தன் தேசத்து ஏலங்களில் விற்பார், அங்கே மிளகைவிட ஆசான்களுக்குத்தான் கிராக்கி என்பார். ஆட்களை வாங்கிப் பத்தாவியாவில் இறக்குவார். ஏழாம் எண் படத்தைப் பூதக்கண்ணாடி வைத்து மூலை மூலையாகப் பார்த்துவிட்டு, "சீடன் கை இல்லை, ஆசான் கையேதான்" என்றார். பிறகு அதே கண்ணாடியை வைத்துக் காத்தாயியின் பல்லைப் பார்த்தார். போன வருஷம் அவர் கப்பலில் ஏறிய பாப்பாளைப் பற்றி, துரை வீட்டில் அவளோடு ஒரே பாயில் படுத்தெழுந்த காத்தாயிக்கு, அன்றிலிருந்து ஒரு சொல் வந்து சேரவில்லை. பாப்பாள் கடைசியாகத் திரும்பிப் பார்த்தபோது அவள் கழுத்தில் ஒரு எண் தொங்கியது, அது மட்டும் நினைவிருக்கிறது.

ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை காலை ஏலம் தொடங்கியது. உச்சிப் பொழுதுக்குள் ஆறு எண்கள் முடிந்தன. எலுமிச்சையைக் கந்தப்பச் செட்டியார் வாங்கினார்; வீட்டுக்காரி மசக்கையில் புளிப்பு புளிப்பு என்கிறாள், பார்த்தாவது அடங்கட்டும் என்றார். கடல் படத்தை மரக்காயர் மீரா லெப்பை வாங்கினார். இந்தப் பாயை இப்படிக் கட்டினால் கப்பல் கரை சேராது என்று படத்தை வைதுகொண்டே வாங்கினார். பிறகு ஏலத் துரை ஃபான் ஹெல்ம் ஏழாம் எண்ணைக் கூப்பிட்டு, படம் இருட்டாக இருந்ததால் எல்லாருக்கும் தெரியட்டுமென்று மெழுகுவர்த்தியைப் படத்துக்கு நேர் கீழே மேஜையில் வைத்து ஏற்றச் சொன்னார்.

படத்தில் ஒரு வேலைக்காரப் பெண், இருண்ட நடையில், கையில் மெழுகுவர்த்தியோடு நிற்கிறாள். யாரோ வரும் சத்தம் கேட்டவள்போல, மறு கையால் சுடரை மறைத்திருக்கிறாள். விரல் இடுக்கில் வெளிச்சம் சிவப்பாகத் தெரிகிறது. வேறொன்றும் இல்லை.

ஏழாம் எண்ணின் மெழுகுவர்த்தி அணையவில்லை. ஒரு ஜெபமாலை சொல்லி முடிக்கும் நேரத்துக்குள் கரைந்துவிட வேண்டியது, பொழுது சாயும்வரை எரிந்தது, மறுநாளும் எரிந்தது, ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு மணி அடித்தபோதும் எரிந்தது. சுடர் நெட்டாக நின்றதே தவிர மெழுகு ஒரு சொட்டும் இறங்கவில்லை. ஏலத் துரை சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். சுடர் தானாக அணையும்வரை விலை கேட்கலாம், சுதந்திரமுள்ள எவரும் கேட்கலாம், வரிசையை மாற்றக் கூடாது என்றுதான் அதில் இருந்தது, அணையாவிட்டால் என்ன என்று எழுதியவருக்குத் தோன்றவில்லை. ஆகவே அவர் நாற்காலியைக் கொஞ்சம் வசதியாகப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். ஏழு முடியாமல் எட்டு இல்லை. கப்பித்தானின் கப்பல் துறைக்கு வெளியே நங்கூரத்தில் ஆடிக்கொண்டு நின்றது.

ஊருக்கு அது மூன்றே நாளில் பழகிவிட்டது. சாவடி வாசலில் சுண்டல்காரி கடை போட்டாள். அணையாத சுடரைப் பார்த்துவிட்டுப் போனால் பிள்ளைக்குத் திக்குவாய் போகும் என்று எங்கிருந்தோ வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். எப்படியும் அணையப்போவதில்லை என்று தெரிந்ததும் விலை கேட்பது ஒரு விளையாட்டாயிற்று. சுதந்திரமுள்ள எவரும் கேட்கலாம் அல்லவா, மீன்காரி செம்பாயி ஒருநாள் கூடையை இறக்கி வைத்துவிட்டு, "எழுதுங்க துரை, என் கூடையும் கூடையில இருக்கற சுறாவும், அதுக்கு மேல எங்க வீட்டு மனுசனையும் தர்றேன்" என்றாள். துரை வீட்டு மனுசனை விட்டுவிட்டு மற்றதை எழுதிக்கொண்டார். செட்டியாருக்கு அதைக் கேட்டு ரோஷம் வந்துவிட்டது. "என் அவுரிக் கிடங்கு" என்றார்.

அவர் சொல்லி வாயை மூடுவதற்குள் சன்னல் வழியே ஒரு காற்று வந்து சுடர் மேஜையைத் தொடுகிற மாதிரி வளைந்தது.

அந்தச் சாவடியில் அதுவரை யாருக்கும் தோன்றாத பயம் அன்றைக்குத்தான் தோன்றியது. செட்டியார் செருப்பை விட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடினார். "யாராவது ஒருத்தர் மேல கேளுங்கய்யா, ஒரு படி உப்பாவது மேல கேளுங்க, என் பொண்டாட்டி பிள்ளையைப் பார்த்துக் கேளுங்க" என்று போகிறவர் வருகிறவரையெல்லாம் கையைப் பிடித்து இழுத்தார். மரக்காயர் இரங்கி ஒரு தோணி மேலே கேட்டார், கேட்ட நிமிஷத்திலிருந்து அவருக்கு வியர்த்தது. அவரை விடுவிக்க நெசவாளர் கேட்டார்கள், நெசவாளரை விடுவிக்க உப்பளக்காரர் கேட்டார்கள், கடைசியில் எல்லாத் தெருக்காரர்களும் கூடி உட்கார்ந்து, திருவிழாவுக்கு மண்டகப்படி பிரிப்பதுபோல, ஒரு நாளைக்கு ஒரு தெரு என்று பிரித்துக்கொண்டார்கள். முந்தின தெரு சொன்னதற்கு மேல் ஒரு படி கூட்டிக் காலையில் கேட்க வேண்டும். மறுநாள் காலை அடுத்த தெரு வந்து கேட்கும்வரை விலையைச் சுமக்க வேண்டும். முறை மாறும்போது மேளம் உண்டு. சுமக்கிற தெருவில் அன்று கடுகு தாளிக்க மாட்டார்கள், நாயைக் கட்டிப்போடுவார்கள், தும்மல் வந்தால் ஓடிப்போய்க் கடலில் நின்று தும்முவார்கள். விலை ஏறிக்கொண்டே போனது. ஒரு மாதத்தில் அந்தப் படத்தின் விலை தறிகளும் படகுகளும் உப்பளமுமாகப் பாதி ஊர் ஆகிவிட்டது. ஆனாலும் தங்கள் முறையை விட்டுக்கொடுக்க எந்தத் தெருவுக்கும் மனம் வரவில்லை.

படத்தை யாரும் பார்க்கவில்லை. எல்லாரும் மெழுகுவர்த்தியைப் பார்த்தார்கள். காத்தாயிதான் படத்தைப் பார்த்தாள், அவளுக்குத் துடைக்க வேண்டியிருந்தது. மெழுகுவர்த்தி ஏற்றிய ஒன்பதாம் நாள் காலை துடைக்கும்போது, வேலைக்காரப் பெண்ணின் சுண்டுவிரலுக்கு மேல் எப்போதும் நின்ற மெழுகுவர்த்தி, விரலுக்குக் கீழே இறங்கியிருந்தது. தொட்டுப் பார்த்தாள். சூடாக இருந்தது. துணியில் மெழுகு ஒட்டியது.

மேஜையில் இருப்பது எரியவில்லை. படத்தில் இருப்பது எரிகிறது. அவள் யாரிடமும் சொல்லவில்லை. பாயிலிருந்து ஒரு நெல்மணியைப் பொறுக்கி வைத்துக்கொண்டு தினமும் அளந்தாள். நாளைக்கு ஒரு நெல் அகலம் இறங்கியது. மிச்சம் முப்பத்து நான்கு நெல்; அது தீர்ந்தால் மேஜைச் சுடரும் அணையும், அடுத்தது எட்டு. ஐப்பசிப் பௌர்ணமிக்குள் கப்பித்தான் புறப்பட்டாக வேண்டும், பிறகு மழைக்காற்றில் அந்தத் துறையில் எந்தக் கப்பலும் நிற்க முடியாது. அதற்கு நாற்பது நாள் இருந்தது. ஆறு நெல் குறைந்தது.

ஒருநாள் வெற்றிலைச் சுண்ணாம்பை எண்ணெயில் குழைத்து, விரல் நுனியால், படத்து மெழுகுவர்த்தியின் தலையில் ஆறு நெல் உயரத்துக்கு ஒட்ட வைத்தாள். மறுநாள் காலை அது வழிந்து சட்டத்தின் கீழே பிசுக்காகக் கிடந்தது. அதையும் அவளே துடைத்தாள்.

பத்து நெல் மிச்சமிருந்தபோது, மதிய வெயிலில் சாவடி காலியாக இருந்த நேரம், அவள் சவுரிமுத்துவிடம் போனாள்.

"அண்ணே."

"என்ன புள்ளே?"

"நான் அதை அணைச்சா என்ன ஆவும்?"

அவர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். "நீ பட்டியல்ல இருக்கறவ. ஏழாம் எண்ணு ஆணியில தொங்குது, எட்டாம் எண்ணு துணி எடுத்துத் துடைக்குது, துரைக்கு அவ்வளவுதான் வித்தியாசம். நீ அணைச்சாலும் பல்லி விழுந்தாலும் ஒண்ணு. கடைசி விலை நிக்கும், அடுத்த மெழுகுவர்த்தி உனக்கு."

"பல்லியைக் கோட்டைக்கு வெளிய ஓட்டுவாங்களா?"

"பல்லிய எவன் ஓட்டுவான்?"

"அப்ப அது பல்லி இல்லைன்னு யாரு சொல்லணும்?"

"நான் சொன்னா துரை கேக்க மாட்டாரு. செட்டியார் தலையில அடிச்சிக்கிட்டுச் சொன்னாலும் கேக்க மாட்டாரு, விலைக்குப் பயந்து சொல்றான்னு தள்ளிடுவாரு. துரை யாரு பேச்சுக்குப் பயப்படுவாரோ…" என்ற சவுரிமுத்து வாசல் பக்கம் திரும்பினார். வாசலுக்கு நேரே, வெயிலில் கண் கூசும் கடலுக்கு மேல், கப்பித்தானின் கப்பல் நின்றது. காத்தாயியும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒன்பது நெல். எட்டு நெல். கப்பித்தான் தினமும் சாவடிக்கு வந்து பிரம்பால் காலணியைத் தட்டிக்கொண்டு நின்றார். கப்பல் பரம்பரையாக வந்த அவருடைய சொந்தக் கப்பல். அதில் ஆட்கள் சும்மா இருந்து சண்டை போட்டுக்கொண்டார்கள், தண்ணீர்ப் பீப்பாய்களில் புழு வைத்தது. படமும் அவருக்கு வேண்டும், எட்டாம் எண்ணும் வேண்டும், ஆனால் இந்தக் கறுப்பு ஊர் விளையாட்டாகவே விலையை ஏற்றித் தன்னை வாய் திறக்க முடியாதபடி செய்கிறது என்று துரையிடம் கத்தினார். துரை புத்தகத்தைக் காட்டினார். ஆறு நெல். ஐந்து. வாசலில் கப்பித்தானின் காலணிச் சத்தம் கேட்டால் காத்தாயியின் கை தானாக வாயை மூடிக்கொண்டது.

இரண்டு நெல் மிச்சமிருந்த காலையில் மீன்காரத் தெருவின் முறை. மேளம் அடித்து ஓய்ந்ததும் சவுரிமுத்து மேடையேறி, நேற்று உப்பளத் தெரு சொன்னதை நீட்டி நீட்டிச் சொன்னார். இன்று அதற்கு மேல் கேட்பவர் உண்டா என்று கேட்டுவிட்டு, செம்பாயி வாயைத் திறப்பதற்குள், "ஊர்ல எல்லாருக்கும் ரெண்டு சுத்து வந்துருச்சு. கப்பல்காரங்களுக்குத்தான் ஒரு முறைகூடக் கொடுக்கலை, பாவம்" என்றார்.

"அவங்க கேக்கலையே" என்றாள் செம்பாயி. "எங்க சந்து முக்குல பிச்சை எடுக்கறவன்கூடத் திருவோட்டைக் கேட்டான். அம்மாம் பெரிய தொப்பி வச்சிக்கிட்டு ஒரு துடைப்பக்கட்டையக்கூட இவரு கேக்கலை."

சாவடியே சிரித்தது. துரைகூடப் புத்தகத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டார். சந்தைத் தமிழ் தெரிந்த கப்பித்தானின் காது சிவந்தது. அவர் மெழுகுவர்த்தியைப் பார்த்தார். நாற்பது நாளாக அணையாத சுடர், நாளைக்குக் காலையில் எப்படியும் எவனாவது ஒரு படி கூட்டுவான்.

"என் கப்பல்" என்றார். "பாயோடு. சரக்கோடு. இப்போது சிரியுங்கள்."

யாரும் சிரிக்கவில்லை. ஏலத் துரையின் இறகுப் பேனா கீறுகிற சத்தம் மட்டும் கேட்டது. சவுரிமுத்து, "எழுதியாச்சு" என்றார், காத்தாயி இருந்த பக்கம் பார்க்காமல்.

காத்தாயி துணியைக் கீழே வைத்தாள். சுவரிலிருந்து மேஜைக்கு ஐந்து காலடி. காவல்காரன் அவளைப் பார்த்தான். தினமும் துடைக்க வருகிறவள்தானே என்று விட்டுவிட்டான். அவள் வலது கையை எல்லாருக்கும் தெரியும்படி உயர்த்தி, இரண்டு விரலை நாக்கில் நனைத்து, திரியைக் கிள்ளினாள்.

சுடர் போயிற்று. புகை ஒரு நூல் மாதிரி எழுந்து படத்தை நோக்கிப் போயிற்று. படத்திலும் வெளிச்சம் போய், நடை போய், அந்தப் பெண்ணின் முகம் போய், இருட்டு மட்டும் நின்றது. இருட்டில் ஒரு கை.

ஏலத் துரை எழுந்து நின்றார். அவர் குரல் நடுங்கியதே தவிர சட்டம் நடுங்கவில்லை. "எண் எட்டு, சுடரை அணைத்தது. எண் எட்டு பட்டியலில் உள்ள பொருள். பொருள் பட்டு அணைந்தால் காற்றுப் பட்டு அணைந்ததற்குச் சமம். கடைசியாகச் சொன்ன விலை நிற்கிறது." புத்தகத்தைக் குனிந்து பார்த்தார். "கப்பித்தான் டெ ரோய். கப்பல்."

"ஒரு தரம்!" என்று சவுரிமுத்து கூவினார்.

கப்பித்தான் படத்தைப் பார்த்தார். பூதக்கண்ணாடியை எடுத்தார், எதை வைத்துப் பார்ப்பது என்று தெரியாமல் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். வாசலில் தெருக்கள் எல்லாம் வந்து குவிந்துவிட்டன. தும்முவதற்குக்கூட ஒருவரும் கடலுக்குப் போகவில்லை.

"ரெண்டு தரம்!"

வாசலுக்கு நேரே கப்பல் நின்றது. காற்று இல்லாத காலை அது, ஆனால் அதன் கொடி அசைந்தது. காத்தாயி மேஜையருகிலேயே நின்றாள். கிள்ளிய விரல்களில் கொப்புளம் எழும்பிக்கொண்டிருந்தது. சவுரிமுத்து மூன்றாம் தரத்துக்கு மூச்சை இழுத்தார், அவ்வளவு நீளமாக அவர் மூச்சு இழுத்து ஊர் பார்த்ததில்லை.

"நில்" என்றார் கப்பித்தான். "அது காற்று இல்லை. அது கை."

"பொருளின் கை" என்றார் துரை.

"மனிதக் கை."

சவுரிமுத்து காதுக்குப் பின்னால் உள்ளங்கையை வைத்துக்கொண்டார். "பின்னாடி நிக்கிறவங்களுக்குக் கேக்கலை கப்பித்தான்."

"மனுஷி!" என்று கப்பித்தான் கத்தினார். தொப்பி கீழே விழுந்தது. "அவள் மனுஷி! நான் சத்தியம் செய்கிறேன், பத்தாவியாவுக்கே எழுதித் தருகிறேன், என் கண்ணால் பார்த்தேன், மனுஷியின் கை!"

கப்பித்தானின் கடிதம் போனால் பத்தாவியாவில் எந்தப் பெரிய துரையின் மேஜைக்குப் போகும் என்று ஏலத் துரைக்குத் தெரியும். பட்டியலை எடுத்து, ஒன்றிலிருந்து எட்டுவரை குறுக்கே ஒரு கோடு போட்டார். அலமாரியிலிருந்து வேறொரு புத்தகத்தை எடுத்து விரித்தார். அதில் கடைசியாக இருந்தது தையற்காரனின் பெயர். அவர் சவுரிமுத்துவைப் பார்த்தார்.

"பேரு சொல்லு புள்ளே" என்றார் சவுரிமுத்து. "வெளிய போறவங்க பேரை எழுதணும்."

"காத்தாயி."

துரை அதை இரண்டு தரம் கேட்டு, எழுத்து எழுத்தாக எழுதினார். பொழுது சாய்வதற்குள் என்றார். பொழுது சாய்வதற்கு இன்னும் வெகுநேரம் இருந்தது.

காத்தாயி சுவரோரம் போய்த் தன் துணியை எடுத்தாள். தான் உட்கார்ந்திருந்த இடத்துக்கு மேலே சுண்ணாம்பால் எழுதியிருந்த எட்டை, சுவர் தெரியும்வரை துடைத்தாள். துணியை வாசலில் நின்று இரண்டு முறை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, விலகி வழிவிட்ட தெருக்களின் நடுவே நடந்து, கோட்டைவாசலைத் தாண்டிப் போனாள்.